ஆறு எழுத்துச் சுமந்த சுண்டுவிரல்

ஜனவரி 5

மூன்று நாளாக வலது சுண்டுவிரலிலிருந்து முழங்கை வரை ஒரே இழுப்பு. மொழிபெயர்க்க இன்னும் நூற்றிருபது பக்கம் இருக்கிறது. தட்டச்சைக் குறைக்கச் சொல்கிறார் மருத்துவர். குறைத்தால் பிழைப்பு?

இரவு கீபோர்டை மடியில் வைத்து எண்ணிப் பார்த்தேன். தமிழ்99 அமைப்பில் பன்னிரண்டு உயிரும் இடக்கைக்கு. பதினெட்டு மெய்யில் வ, ங நீங்கலாகப் பதினாறும் வலக்கைக்கு. அவற்றிலும் ண, ந, ழ, ச, ய, ஞ ஆகிய ஆறும் வலது சுண்டுவிரல் பொறுப்பு. அது போதாதென்று எண்டரும் பேக்ஸ்பேஸும் அதன் தலையில்தான். கையிலேயே வலுவான கட்டைவிரல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வேலை, ஸ்பேஸ் பார்.

தமிழ்99 மேல் எனக்குக் குறை இல்லை. உயிர் ஒரு கை, மெய் ஒரு கை என்று பிரித்து, கைகள் மாறி மாறி அடிக்க வைத்த நல்ல ஏற்பாடு அது. க இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியும் தானே விழுகிறது. குறை பலகையில் இருக்கிறது. பழைய தட்டச்சுப் பொறியில் நெம்புகோல்கள் ஒன்றையொன்று இடிக்காமலிருக்க வரிசைகளைச் சாய்த்து வைத்தார்கள். நெம்புகோல் போய்விட்டது, சாய்வு போகவில்லை.

ஜனவரி 12

எழுத்தமைப்பே இரண்டாகப் பிரிந்திருக்கும்போது பலகை ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? ஃபூஸ்டன் என்ற பெயரில் இயங்கும் ஜப்பானிய வடிவமைப்பாளர் 'கோர்ன்' என்ற 42 விசைப் பலகையின் வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டிருக்கிறார். பாதிக்கு 21 விசை. அவற்றில் மூன்று கட்டைவிரலுக்கு. அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டேன்.

விரல் நுனிகளில் ஸ்டாம்ப் மை தடவி, பழுப்புத் தாளில் கையை இயல்பாக வைத்து, மடக்கி, நீட்டிப் பதிந்தேன். நடுவிரலைவிடச் சுண்டுவிரல் 19 மி.மீ. கீழே நிற்கிறது. கிட்டத்தட்ட ஒரு விசையின் அகலம்! இத்தனை ஆண்டுகள் ஒவ்வொரு 'ந'வுக்கும் இந்தக் கையைத் திருகியிருக்கிறேன். கோர்னில் இவ்வளவு இறக்கம் கிடையாது. சுண்டுவிரல் வரிசையை இறக்கி வரைந்து, அட்டையில் வெட்டி, இரண்டு நாள் அட்டைமேலேயே அடித்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 1

ரிச்சி தெருவில் டயோடு, கம்பி, ஈயம் வாங்கினேன். அக்ரிலிக் தகட்டில் 14 மி.மீ. சதுர ஓட்டைகள் போட்டாயிற்று. விசைக்கு ஒரு கம்பி இழுத்தால் பாதிக்கு 21 வேண்டும். நாலு கிடைவரிசை, ஆறு நெடுவரிசையாகக் கட்டினால் பத்தே போதும். பல விசைகளை ஒன்றாக அமுக்கும்போது அமுக்காத எழுத்து விழாமல் தடுப்பது டயோடு. மூன்றைத் திருப்பி வைத்துவிட்டேன். 'ச' வரவே இல்லை. கழற்றி மாற்ற ஒரு மாலை போயிற்று.

பிப்ரவரி 9

எண்டரும் பேக்ஸ்பேஸும் கட்டைவிரலுக்குப் போயின. ஆறு நெடுவரிசையில் 'ஞ'வுக்கு இடமில்லை. கியூஎம்கே மென்பொருளில் இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கினால் மூன்றாவது எழுத்து வரச் செய்யலாம். பக்கத்துப் பக்கத்து விசைகளான த, ந இரண்டையும் சேர்த்து 'ஞ' ஆக்கினேன். காலையில் 'தந்தை' என்று வேகமாக அடித்தால் திரையில் 'ஞதை'. 50 மில்லிவினாடிக்குள் இரண்டும் விழுந்தால் சேர்த்து அமுக்கியதாகக் கணக்கு.

வேறு ஜோடிகளை யோசித்தேன். ட, ண சேர்த்தால் 'சண்டை' கெடும். ற, ன சேர்த்தால் 'என்று' கெடும். மேலும் கீழுமாக இருக்கும் ன, ம இரண்டின் இடுக்கில் நடுவிரலை அழுத்துவது என்று முடிவு செய்தேன். 'மனம்' என்று அடித்தாலும் கெடாது. ஒரே விரல் ஒன்றிலிருந்து எழுந்துதான் மற்றதற்குப் போக வேண்டும். இந்த ஒரு தீர்வு கிடைத்தபோது வந்த மகிழ்ச்சி பலகை முழுவதையும் கட்டி முடித்தபோதுகூட வரவில்லை.

பிப்ரவரி 23

தோள் அகலத்துக்குப் பாதிகளை விலக்கி, உள்ளோரங்களுக்கு மர ஆப்பு கொடுத்து உயர்த்தியிருக்கிறேன். வேகம் பழைய அளவுக்கு வரவில்லை. ஆனால் இன்று ஏழு பக்கம் முடித்தேன்; இழுப்பு இல்லை.

மெய்ப்புப் பார்க்கும் தோழி வரைபடத்தைக் கேட்டாள். அவள் கை என் கையைவிடச் சிறியது. வரைபடம் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழுப்புத் தாளும் ஸ்டாம்ப் மையும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.