குறை ஏதுமில்லை

பேத்தியின் ஸ்போர்ட்ஸ் பையைத் துவைக்கப் போடலாம் என்று கவிழ்த்தபோது ஒரு கத்தைத் தாள் விழுந்தது. 36 வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான். படிவத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாக வரும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசாங்க கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு ஊத்தங்கரையில் மகள் வீட்டோடு இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் என்று எங்கள் ஊர் ரோடே நேராக இங்கே வந்து சேர்வதால் அந்நியமாகத் தோன்றவில்லை. பேத்திக்கு 17 வயது. 800 மீட்டர் ஓடுகிறாள்.

தாளில் 24 சொற்கள் இருந்தன. பதற்றம், குழப்பம், எரிச்சல், அசதி, உற்சாகம், சுறுசுறுப்பு இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே 0 முதல் 4 வரை எண்கள். ‘இப்போது எப்படி இருக்கிறாய்’ என்பதற்குத் தக்கபடி ஒன்றை வட்டமிட வேண்டும். வாரம் ஒரு தாள்; கோச் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தவை.

ஒன்பது தாள். ஒன்பதும் ஒன்றுபோல. நல்ல சொற்களுக்கெல்லாம் 4, மற்றவற்றுக்கெல்லாம் பூஜ்யம். வருகைப் பதிவேட்டில் ஒரு வாரக் கையெழுத்தை ஒரே நாளில் போடுகிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! அதே சாயல்.

அவள் வந்ததும் கேட்டேன்.

“என்ன கண்ணு, காலைல கம்பியப் புடிச்சிக்கிட்டுதான் மாடிப்படி எறங்கற. இதுல அசதிக்கு பூஜ்யம்னு போட்டிருக்கியே?”

“அதெல்லாம் எதுக்கு தாத்தா எடுத்தீங்க?” என்று பிடுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். “நாலு போட்டா டீம்ல எடுக்க மாட்டாங்க தாத்தா. எல்லாருமே இப்படித்தான் போடுவாங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சுற்றறிக்கை வரும். ஊழியர்கள் தங்கள் குறைகளைத் தயங்காமல் எழுதலாம் என்று இருக்கும். ஒரு வருஷம் பக்கத்து மேசை நண்பர் தயங்காமல் எழுதினார். மூன்றாம் மாதம் அவருக்கு ஏனாமுக்கு மாற்றல். ஆந்திராவில், கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருஷமும் ‘குறை ஏதுமில்லை’ என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷமும் அதையேதான் எழுதினேன்.

சரி, இந்தத் தாளை யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் படித்தேன். 1971-இல் அமெரிக்காவில் மூன்று உளவியலாளர்கள் 65 சொற்கள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். அது விளையாட்டுக்காரர்களுக்காக வந்ததல்ல; மனநல சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக. அதை விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் வில்லியம் மோர்கன் என்ற பேராசிரியர். நல்ல நிலையில் இருக்கும் வீரர்களின் மதிப்பெண்ணைக் கோடாக வரைந்தால், பதற்றம், சோர்வு, கோபம், அசதி, குழப்பம் ஐந்தும் சராசரிக்குக் கீழே கிடக்குமாம். சுறுசுறுப்பு மட்டும் மேலே எழுந்து நிற்குமாம். தண்ணீருக்கு மேல் நுனி தெரியும் பனிப்பாறை என்று அதற்குப் பெயர் வைத்தார். நீச்சல் வீரர்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்ததில், பயிற்சித் தூரம் கூடக் கூட மனநிலை கெடுவதையும், போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைத்தால் அது சீராவதையும் கண்டார். பயிற்சி அளவு மீறிப் போனவர்களுக்கு அந்தப் பாறை தலைகீழாகிவிடும்.

65 சொல் சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் என்று 1999-இல் பீட்டர் டெரி என்பவரும் அவருடைய குழுவினரும் 24 ஆகச் சுருக்கினார்கள். பேத்தியின் தாள் அந்த வகைதான். மொழிபெயர்ப்பதும் லேசில்லை. பழைய படிவத்தில் ஆங்கிலத்தில் ‘ப்ளூ’ என்று ஒரு சொல். நீலம் என்று போட முடியுமா? மனசு கனத்துக் கிடப்பதைப் பிரெஞ்சுக்காரன் ‘எனக்குக் கரப்பான் பூச்சி’ என்பான். நாம் ‘மனசே சரியில்ல’ என்போம்.

என்னை யோசிக்க வைத்த சேதி வேறு. 2016-இல் 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. ரத்தப் பரிசோதனை, நாடித் துடிப்பு போன்றவற்றைவிட, வீரர் தாமே சொல்வதுதான் பயிற்சியின் பாரத்தை நன்றாகக் காட்டுகிறது என்பது அதன் முடிவு. ஆக, தாள் மட்டமில்லை. பயமில்லாமல் நிரப்பினால் இயந்திரத்தைவிடக் கெட்டிக்காரத் தாள்.

நம் நாட்டுக்காரர் ஒருவருக்கும் இதில் பங்கு உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா. வெற்றிக்குப் பிறகுதான் தம் மனம் பெரிய வெறுமையில் விழுந்தது என்று வெளிப்படையாகச் சொன்னவர். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 16 வயதுக்கு மேற்பட்ட வீரர்களுக்காக ஒரு மனநலப் பரிசோதனை முறையைக் கொண்டுவந்தபோது, அதை எழுதியவர்களில் அவரும் ஒருவர். முதல் படி பத்தே கேள்விகள். மதிப்பெண் 17 அல்லது அதற்கு மேல் போனால் அடுத்த கட்டக் கேள்விகளுக்குப் போக வேண்டும். இதை மருத்துவர்களும் தகுதி பெற்ற மனநல நிபுணர்களும் கையாள வேண்டும் என்பது ஏற்பாடு. உதவி செய்யத்தான் இந்தப் பரிசோதனை, ஆளைக் கழிக்க அல்ல.

மகளும் நானும் கோச்சைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், இளைஞர். “ஐயா, இதை வச்சு நான் ஒருத்தரையும் கழிச்சதில்லையே!” என்றார்.

“கழிக்க மாட்டேன்னு பிள்ளைங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களா தம்பி?” என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் மைதானத்தில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாராம்: அசதிக்கு 4 போட்டால் அன்று ஓட்டம் குறைவு, அவ்வளவுதான், டீமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேத்தி அன்றைக்கு 4 போட்டாள். கால் வலியையும் சொன்னாள். ஸ்கேன் எடுத்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். மாவட்டப் போட்டி கைவிட்டுப் போனது. இரண்டு நாள் அழுதாள். முதல் தாளிலேயே உண்மையைப் போட்டிருந்தால் விரிசல் வரை போயிருக்குமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில பிள்ளைகள் இன்னும் பூஜ்யமே போடுகிறார்களாம். பழகிய பயம் ஒரு நாளில் போகாது. எனக்கு 36 வருஷத்தில் போகவில்லை.

என் பள்ளியில் காலையில் வாத்தியார் ‘ஸா வா?’ என்பார். நலமா என்று அர்த்தம். பதிலும் அதே ‘ஸா வா’தான். கேள்வியையே திருப்பிக் கொடுத்துவிட்டு உட்காரலாம். காய்ச்சலோடும் அப்படியே சொல்லி உட்கார்ந்திருக்கிறேன். இதைப் பேத்தியிடம் சொன்னபோது, “நல்லா இல்லேன்னா என்ன தாத்தா சொல்லணும்?” என்று கேட்டாள். “பின்னாடி ஒரு ‘பா’ சேர்த்துக்கணும்” என்றேன்.

நேற்று ராத்திரி மொட்டை மாடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஸா வா?” என்றேன்.

“ஸா வா பா, தாத்தா” என்றாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.