இத்தனூண்டு கேமராவா தம்பி?

கல்யாண வீட்டுல நீங்களும் பார்த்திருப்பீங்க. முகூர்த்த நேரத்துல மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர் எல்லாம் மறைஞ்சு, மேடை முழுக்க போட்டோகிராபர் முதுகுதான் தெரியும். போன மாசம் அந்த முதுகுக்குப் பின்னாடி லைட் பிடிச்சுக்கிட்டு நின்னது அடியேன்தான். எங்க தெருவுல ஸ்டுடியோ வெச்சிருக்கிற அண்ணனுக்கு ஹெல்ப்பர்!

அண்ணன் அப்போதான் பழைய டி.எஸ்.எல்.ஆரை வித்துட்டு, மீதிக்கு இ.எம்.ஐ. போட்டு மிரர்லெஸ் வாங்கியிருந்தார். பொண்ணோட அப்பா அதை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, இத்தனூண்டு இருக்கு? அட்வான்ஸ் வாங்க வந்தப்ப பெருசா ஒண்ணு தோள்ல தொங்குச்சே?"

அண்ணன் வாயே திறக்கலை. பையிலேர்ந்து பேட்டரி கிரிப்பை எடுத்து கேமராவுக்கு அடியில மாட்டினார். லென்ஸ் மூக்குல பெரிய ஹூடு. கேமரா ஒன்றரை மடங்கு ஆயிடுச்சு. பெரியவர் முகத்துல நிம்மதி! எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அண்ணனுக்கு வரலை. பாக்கிப் பணம் பெரியவர் கையில இருக்கே!

இத்தனைக்கும் அந்தச் சின்ன டப்பாவுல எதுவும் குறையலை பாஸ். டி.எஸ்.எல்.ஆர். உள்ளே ஒரு கண்ணாடி 45 டிகிரி சாய்ஞ்சு நிக்கும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை மேலே திருப்பி நம்ம கண்ணுக்கு அனுப்பும். க்ளிக் பண்ணினா 'டப்'புனு மேலே எகிறும். அது எகிற இடம் வேணுமே... அதனால கேனன் டி.எஸ்.எல்.ஆர்.ல லென்ஸ் மாட்டுற வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல 44 மி.மீ. கண்ணாடியே இல்லாத ஆர்.எஃப். மாடல்கள்ல 20 மி.மீ.தான். ஃபுல் ஃப்ரேம் சென்சார் ரெண்டுலயும் அதே 36க்கு 24 மி.மீ.

அந்த 36க்கு 24 பிரபலமானதே ஒரு குட்டி கேமராவாலதான். ஆஸ்துமாவால கனமான பிளேட் கேமராவைத் தூக்க முடியாம மூச்சு வாங்கின ஆஸ்கார் பார்னாக், சினிமா ஃபிலிமை வெச்சு லைகாவை உருவாக்கினார். 1925-ல விற்பனைக்கு வந்துச்சு. 2023-ல வந்த 'தி கிரியேட்டர்' ஹாலிவுட் படத்தைப் பெரும்பாலும் எடுத்தது சோனி எஃப்.எக்ஸ்.3-ல. பேட்டரியோட முக்கால் கிலோகூட வராது!

அப்போ பெருசு எல்லாம் காலியா? அங்கதான் இடிக்குது. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் கிளாஸ்ல தூங்கின எனக்கே புரிஞ்ச கணக்கு இது. 400 எம்.எம். எஃப் 2.8 லென்ஸுன்னா, 400-ஐ 2.8-ஆல வகுங்க. கிட்டத்தட்ட 143 மி.மீ. முன்னாடி இருக்கிற கண்ணாடி அவ்வளவு அகலமாவது இருந்தே ஆகணும். பாடியிலேர்ந்து எதைக் கழட்டினாலும் இது குறையாது. அதனால கிரிக்கெட் கிரவுண்டு பவுண்டரி ஓரத்துல அந்த வெள்ளை பீரங்கிகள் இன்னும் பல வருஷம் உட்கார்ந்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது. கல்யாண மேடைக்கு அது தேவையில்லை. அங்கே சின்னதுதான் ஜெயிக்கும்... பொண்ணோட அப்பாக்கள் விட்டா!

போன ஞாயித்துக்கிழமை ஆல்பம் கொடுக்கப் போனோம். பெரியவர் ஒவ்வொரு பக்கமா புரட்டினார். பொண்ணு அழுத போட்டோ வந்ததும் கொஞ்ச நேரம் நிறுத்திட்டார். பாக்கியை எண்ணிக் கொடுத்துட்டு, "சின்னவ கல்யாணத்துக்கும் நீங்கதான் தம்பி. ஆனா அந்தப் பெரிய கேமராவையே கொண்டு வாங்க"ன்னார்.

அண்ணன் இப்பல்லாம் கிரிப்பைக் கழட்டுறதே இல்லை.