நானிட்ட தலைப்பு

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாள்களில் பத்திரிகை அலுவலகத்தில் இரண்டு செய்திகளுக்குக் காத்திருப்போம். ஒன்று, ஒன்பது 'ஏ' பெற்ற பிள்ளையின் படம். மற்றையதைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய மரணமொன்றுக்குக் காரணத்தையும் முறையையும் தலைப்பிலேயே இட்டவன் நான். தவறு என்னுடையதே.

அண்மையில் நெளுக்குளத்தில் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் மகள் கேட்டாள்: "பெரியப்பா, பெயில் விட்டாலும் பேப்பரில பேர் வருமோ?" சிரித்தபடிதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1995இல் இந்நாட்டில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அவ்வீதம் பெரிதும் வீழ்ந்தது. அந்த ஒரு பொழுதைக் கடந்துவிட்டால் பலர் வாழ்ந்துவிடுகின்றனர். வயல் சூழ்ந்த ஊர்களில் பெற்றோர் இதனை அறிந்திருக்க வேண்டாமா?

நேரே கேட்டால் இல்லாத எண்ணம் முளைக்கும் என்பது பிழையென மருத்துவர்கள் கூறுவர். ஆகவே கேட்டேன்: "பிள்ளை, சாகவேணும் எண்டு எப்பவாவது நினைச்சனியோ?"

சற்று நேரம் பேசாதிருந்தாள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அவளது கொப்பியில் எழுதினேன். தமிழிலும் பேசலாம் என்றேன். பின்பு அவள் பேசத் தொடங்கினாள். தாயையும் அழைத்து அருகில் இருத்தினோம். இரவுச் சாப்பாடு ஆறிப்போயிற்று.