கரகரக்கும் குமிழ்

விஞ்ஞானம் கற்றவருக்கே கருவிகள் விளங்கும் என்ற எண்ணம் எமது மாணவரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. தமிழும் வரலாறும் கற்பிக்கும் கலைப் பட்டதாரியான நானும் இவ்வெண்ணத்தோடுதான் வளர்ந்தேன். அதனை மாற்றியது ஒரு மின் கிற்றாரின் ஒலிக் குமிழ்.

தரம் 11 மாணவர் ஒருவர் ஒளிவிழாவில் வாசிப்பதற்காக, உறவினர் கொடுத்த பழைய மின் கிற்றாரைப் பழகிவந்தார். ஒலியைக் கூட்டக் குறைக்கக் குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்ற சத்தம் எழுந்தது. கடையொன்றில் காட்டியபோது, "திருத்திப் பிரயோசனமில்லை, வேறொன்று வாங்குங்கோ" என்றார்களாம். புதிய கிற்றார் வாங்க அவரது வீட்டில் வசதி இருக்கவில்லை. விழாவுக்கு இரண்டு கிழமையே இருந்தது.

வகுப்பு முடிந்த பின் இருவரும் கிற்றாரின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தோம். குமிழின் கீழே மூன்று முடிவிடங்களுடைய சிறிய வட்டமான உறுப்பு ஒன்று இருந்தது. மாணவர் சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு, "சேர், இது நாங்கள் படத்திலை கீறின மாறும் தடையியெல்லே!" என்றார். பரீட்சைக்காகப் பலமுறை வரைந்து பெயரிட்ட பொருளை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கையால் தொட்டார்.

அதன் உள்ளே வில் வடிவான காபன் தடம் ஒன்றும், அதன்மீது வழுக்கிச் செல்லும் உலோகத் தொடுகை ஒன்றும் உள்ளன. தடத்தின் ஒரு முனைக்குக் கிற்றாரின் மின் சைகை வருகிறது. மறுமுனை புவியுடன் தொடுக்கப்பட்டுள்ளது. நடுவிலுள்ள தொடுகை, தான் நிற்கும் இடத்திற்கேற்ப அழுத்தத்தின் ஒரு பங்கை எடுத்து விரியலாக்கிக்கு அனுப்புகிறது. தூசியோ ஒட்சைட்டுப் படையோ தடத்தில் படிந்தால், திருப்பும்போது தொடுகை கணப்பொழுது விட்டு விட்டுப் படுகிறது. விரியலாக்கி அந்தத் துண்டிப்பையும் சேர்த்துப் பெருக்குவதனாலேயே கரகரப்புக் கேட்கிறது. கடற்காற்றும் ஈரப்பதனும் நிறைந்த எமது குடாநாட்டில், நெடுநாள் திருப்பாமல் விட்ட குமிழ் இவ்வாறு கெடுவது புதுமையன்று.

பரிகாரம் எளியது. முதலில் கிற்றாரிலிருந்து வயரைக் கழற்ற வேண்டும். குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இருபது முப்பது தடவை திருப்ப வேண்டும். சில வேளை இதுவே போதும். போதாவிடின், மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் 'கொன்ராக்ற் கிளீனர்' திரவத்தை முடிவிடங்களுக்கு அருகேயுள்ள இடைவெளியூடாகச் சிறிதளவு விசிறி, மீண்டும் திருப்பி, உலரவிட வேண்டும். தேங்காயெண்ணெய், தையல் மெசின் எண்ணெய் என்பவற்றை விடலாகாது. அவை தூசியை மேலும் சேர்க்கும். காபன் தடமே தேய்ந்திருந்தால் அதே பெறுமான உறுப்பை மாற்ற வேண்டும். மின் கிற்றார்களில் 250 அல்லது 500 கிலோ ஓம் பெறுமானமுடையவையே பெரும்பாலும் காணப்படும். ஆனால், வீட்டு மின்னில் இயங்கும் விரியலாக்கியை மாணவர் திறக்கக்கூடாது. மின்னைத் துண்டித்த பின்னரும் அதிலுள்ள கொள்ளளவிகளில் ஆபத்தான ஏற்றம் தங்கியிருக்கலாம்.

எங்கள் கிற்றாருக்குத் துப்புரவாக்கலே போதுமாயிற்று. சத்தம் தெளிந்தபோது எனது நினைவு வரலாற்றுப் பக்கம் சென்றது. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போனது. பொருளாதாரத் தடையினால் பற்றறிகளும் அரிதாயின. அக்காலத்தில் எம்மவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்குத் தேவை நேரோட்டம். இருவாயி கொண்டு அதனைச் சீராக்க வேண்டும் என்பதைப் பலர் பாடநூலிலன்றித் தேவையிலேயே கற்றனர். குண்டு எங்கே விழுந்தது, பாதை திறக்குமா என்ற செய்திக்காக வீடே அந்த வானொலியைச் சூழ்ந்திருந்த நாட்களில், கரகரத்த ஒரு சொல் கூடப் பெரும் இழப்பாகும்.

அந்த டைனமோவும் இந்தக் கிற்றாரும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அது. டைனமோவில் சில்லின் சுழற்சி காந்தப் பாயத்தை மாற்றுகிறது. கிற்றாரில் உருக்குத் தந்தியின் அதிர்வு அதை மாற்றுகிறது. இரண்டிலும் சுருளில் மின் தூண்டப்படுகிறது. இதைச் சொன்னபோது மாணவரின் முகத்தில் கண்ட மலர்ச்சி எந்தப் புள்ளியிலும் அடங்காது.

மாணவர்களே, வரைவிலக்கணத்தை மனனம் செய்வது புள்ளி பெற உதவும். அது சுட்டும் பொருள் உங்கள் வீட்டிலேயே, பழைய வானொலியிலோ மின்விசிறியிலோ இருக்கக்கூடும். அதைத் தேடிப் பாருங்கள். பாதுகாப்பானதெனில் பெரியவர் ஒருவரின் துணையுடன் திறந்து பாருங்கள். கலைப்பிரிவைத் தெரிவு செய்பவரும் இதிலிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை. வறுமையும் தடையும் சூழ்ந்த காலத்தில் இந்த மண்ணைத் தாங்கிய அறிவு, எறியுமுன் திறந்து பார்த்த கைகளின் அறிவாகும்.