எருமைகளுக்கும் ஒரு வீடு

ராஜாஜி பூங்காவை விட்டு வெளியேறிய வன குஜ்ஜர்களுக்கு நிலம் கிடைத்தது, ஊர் கிடைத்தது. அவர்களோடு வந்த எருமைகளைக் குடியமர்த்துவதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஹரித்வாரில் கங்கையைக் கடந்து நஜீபாபாத் சாலையில் செல்லும் பஸ்களில் யாத்ரீகர் கூட்டம் குறைவு. சாலையின் ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் கரும்பு வயல். மரங்கள் சற்றே விலகும் இடத்தில் கைண்டிகாதா வருகிறது. நெருக்கியடித்த தெருக்கள் கொண்ட வழக்கமான வட இந்திய கிராமம் அல்ல இது. வயல்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி வீடுகள். சில செங்கல் சுவர் எழுப்பியவை, சில மண் பூசிப் புல் வேய்ந்தவை. வாசலில் முளைக்குச்சிகள், தீவனத் தொட்டி, அடி பம்பு. தொட்டிக்கு முன்னால், வளைந்த கொம்புகளோடு அசைபோட்டபடி எருமைகள்.

அந்த எருமைகளைப் பார்த்ததுமே இங்கிருப்பவர்கள் யார் என்பது தெரிந்துவிடும். ஷிவாலிக் மலையடிவாரக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்து வந்த வன குஜ்ஜர்கள் இவர்கள். மதம் இஸ்லாம், மொழி கோஜ்ரி. சிர்மௌர் ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்ட குஜ்ஜர் பெண்ணின் சீதனத்தோடு காஷ்மீரப் பக்கமிருந்து வந்து சேர்ந்தவர்கள் தங்கள் முன்னோர்கள் என்பது இவர்களுடைய வாய்மொழி வரலாறு. குளிர்காலம் முழுவதும் அடிவாரக் காடு. ஏப்ரலில் வெயில் ஏறியதும் மூட்டை கட்டிக்கொண்டு யமுனை, டோன்ஸ் நதிப் பள்ளத்தாக்குகள் வழியாக மேலே ஏறி, புக்யால் எனப்படும் உயரமான புல்வெளிகளை அடைவார்கள். செப்டம்பர், அக்டோபரில் மறுபடி இறங்குவார்கள். இப்படி வருஷத்துக்கு இரண்டு முறை வீடு மாற்றியவர்களுக்கு நிரந்தர முகவரி என்று ஒன்று இருந்ததில்லை.

முகவரி வந்த கதைக்கும் தமிழருக்கும் பெயரளவில் ஒரு தொடர்பு உண்டு. இந்த அடிவாரத்தில் 1948-இல் அமைந்த சரணாலயத்துக்கு ராஜாஜியின் பெயர் சூட்டப்பட்டது. 1983-இல் அதனுடன் மோதிசூர், சில்லா சரணாலயங்களையும் சேர்த்து, 820 சதுர கி.மீ. பரப்பில் ராஜாஜி தேசியப் பூங்கா அமைக்க அரசு முடிவு செய்தது. தேசியப் பூங்கா என்றால் மேய்ச்சல் கூடாது, தழை வெட்டக் கூடாது, மனிதர் குடியிருக்கக் கூடாது. குஜ்ஜர்கள் வெளியேற மறுத்தார்கள். 1992-இல் மலையிலிருந்து மந்தைகளோடு இறங்கி வந்தவர்கள் பூங்காவுக்குள் நுழையாதபடி தடுக்கப்பட்டபோது விஷயம் நாடு முழுவதும் பேசப்பட்டது. கடைசியில் 1998-இல் கணக்கெடுத்த பட்டியலில் 1,390 குடும்பங்கள் இடம்பெற்றன. ஹரித்வாருக்குத் தெற்கே உள்ள பத்தரிக்கு 512 குடும்பங்கள், கைண்டிகாதாவுக்கு 878 குடும்பங்கள். குடும்பத்துக்கு ஏறக்குறைய 2 ஏக்கர் நிலம்.

கணக்கில் சிக்கல் அங்கேதான். நிலம் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கப்பட்டது. ஐந்து எருமை வைத்திருந்தவருக்கும் 2 ஏக்கர், ஐம்பது வைத்திருந்தவருக்கும் 2 ஏக்கர்.

ஒரு வன குஜ்ஜருக்கு வீடு என்பது என்ன என்று தெரிந்தால்தான் இதன் பொருள் புரியும். காட்டில் அவர்கள் கட்டும் குடிலுக்கு டேரா என்று பெயர். மரக்கட்டைத் தூண்கள், மேலே பாபர் புல் கூரை, கீழே சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிய தரை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் இளங்கன்றுகள். டேராவுக்கு இடம் தேடும்போது மனிதர் வசதி இரண்டாம்பட்சம். பக்கத்தில் ஓடை இருக்கிறதா, தழைக்கு மரம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எருமைகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கும். பால்தான் வருமானம், பால்தான் உணவு. தங்கள் எருமையை இவர்கள் இறைச்சிக்காக அறுப்பதில்லை. ஒன்று செத்துப்போனால் வீட்டில் துக்கம்.

அப்படிப்பட்டவர்கள் வேலி போட்ட 2 ஏக்கருக்குள் வந்து சேர்ந்தபோது, தங்களுக்குக் கூரை போடுவதைவிட எருமைகளுக்கு ஏற்பாடு செய்வதுதான் அவசரமாக இருந்தது.

முதல் தேவை நிழலும் நீரும். பசுவோடு ஒப்பிட்டால் எருமையின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. கறுப்புத் தோல் வேறு வெயிலை இழுத்துக்கொள்ளும். சேற்றிலோ நீரிலோ புரண்டால்தான் அதற்கு உடல் சூடு தணியும். மே மாதத்தில் மலை உச்சிப் புல்வெளியின் குளிரில் நின்று பழகிய மந்தை, 40 டிகிரியைத் தாண்டும் சமவெளி வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. வெப்பம் தாங்காத எருமை தீவனத்தைக் குறைக்கும், பாலைக் குறைக்கும், சினைப்பருவத்துக்கு வந்தாலும் வெளியே காட்டாது. குட்டை இல்லாத இடத்தில் வாளியால் நீர் மொண்டு மேலே ஊற்றுவதுதான் ஒரே வழி. குடிநீர்க் கணக்கு தனி. கோடையில் ஒரு கறவை எருமை நாளைக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். பத்து எருமைக்கு 600 லிட்டர். 15 லிட்டர் வாளியில் 40 வாளி. காட்டில் எருமை ஓடைக்குப் போயிற்று. இங்கே ஓடையை எருமையிடம் கொண்டு வர வேண்டும். அடி பம்பை அடிக்கும் அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் தலையில்.

இரண்டாவது, தீவனம். காட்டில் கருமருது, வெக்காலி போன்ற மரங்களில் ஆண்கள் ஏறிக் கிளைகளைக் கழிப்பார்கள். கீழே விழும் தழையை எருமைகள் தின்னும். உயிரைப் பணயம் வைக்கும் வேலைதான். ஆனால் விலை கொடுக்க வேண்டியதில்லை. இங்கே தழைக்குப் பதில் பயிர். வளர்ந்த எருமைக்கு நாளைக்கு 30 முதல் 40 கிலோ பசுந்தீவனம் தேவை என்று வைத்துக்கொண்டால், பத்து எருமைக்கு ஆண்டுக்கு 100 டன்னைத் தாண்டுகிறது. நல்ல பாசனம் உள்ள 2 ஏக்கரில் ஆண்டு முழுவதும் தீவனம் மட்டுமே போட்டால் ஏறக்குறைய அவ்வளவு எடுக்கலாம். அப்புறம் வீட்டுக்குக் கோதுமை எங்கே விளைவது? எருமைக்கும் மனிதருக்கும் ஒரே பாத்தியில் போட்டி.

உழவு தெரியாத மேய்ப்பர்கள் அக்கம்பக்கத்து விவசாயிகளைப் பார்த்துத் தீவனச் சாகுபடி கற்க வேண்டியிருந்தது. அக்டோபரில் பெர்சீம் விதைக்க வேண்டும். நம்மூர் குதிரைமசாலைப் போன்ற பயிர். ஐம்பது, ஐம்பத்தைந்து நாளில் முதல் அறுப்பு, பிறகு மாதத்துக்கு ஒரு முறை வீதம் மே வரை அறுக்கலாம். கோடைக்கும் மழைக்காலத்துக்கும் தீவனச் சோளம்.

இரண்டிலுமே ஆபத்து உண்டு. பனி ஈரத்தோடு இளம் பெர்சீமை வயிறு முட்டத் தின்ற எருமைக்கு வயிறு உப்பும். இடது விலா பந்து போல் வீங்கி, கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். பொடித்த கோதுமைத் தாளைக் கலந்து கொடுத்தால் இந்தத் தொல்லை குறையும். இளம் சோளப் பயிரில், அதிலும் மழையின்றி வாடிய பயிரில், விஷம் ஊறியிருக்கும். பூக்கும் வரை பொறுத்து அறுக்க வேண்டும். காட்டில் எதைத் தின்பது, எதை விடுவது என்று எருமையே பார்த்துக்கொண்டது. தொட்டியில் போடுவதை அது நம்பித் தின்கிறது.

பூசா எனப்படும் அந்தக் கோதுமைத் தாளுக்கும் ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரலில் அறுவடை முடிந்த கையோடு வாங்கிப் போர் போட்டு, மழை இறங்காமல் மூடி வைத்தால்தான் வருஷம் ஓடும். தள்ளிப்போட்டால் விலை ஏறிவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கரும்பு கை கொடுக்கிறது. அக்கம்பக்கத்து வயல்களில் கரும்பு வெட்டித் தோகை உரித்துக் கொடுப்பவர்கள் கூலியாகக் கொழுந்தாடையை எடுத்துக்கொள்வது இந்த வட்டாரத்து வழக்கம். காசு கைமாறாமல் நான்கைந்து மாதத் தீவனத்துக்கு ஒத்தாசை. தட்டை நறுக்கும் கைச்சக்கரம் இங்கே அவசியமான சாதனமாகிவிட்டது.

மூன்றாவது, நோய். காட்டில் மந்தைக்கும் மந்தைக்கும் இடையே தூரம் இருந்தது. இங்கே பக்கத்து வீட்டு எருமையின் மூச்சுக்காற்று இந்த வீட்டு எருமை மேல் படுகிறது. மழைக்கு முன் தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி போடாவிட்டால் காலையில் நன்றாக இருந்த எருமை மறுநாள் இருக்காது. கோமாரிக்கும் ஊசி உண்டு. கட்டுத்தறியில் மூத்திரம் தேங்கினால் குளம்பும் மடியும் கெடும். ஆகவே தரையைச் சரிவாக அமைத்து வடிகால் வெட்ட வேண்டும். நடந்துகொண்டே இருந்த மந்தைக்கு இதெல்லாம் தேவைப்பட்டதில்லை.

இழப்புக் கணக்கு மட்டும் எழுதுவது நியாயமாகாது. காட்டிலே மருத்துவமனை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பிரசவ வலி எடுத்தாலும் பாம்பு கடித்தாலும் அல்லாவை வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி குறைவு. இப்போது பிள்ளைகள் சீருடையில் பள்ளிக்குப் போகிறார்கள். பால் விற்கச் சாலை பக்கம். காட்டில் பெரிதாக விலை போகாத சாணம் இங்கே எருவாகி வயலுக்குப் போகிறது, வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது. காட்டுக்கும் லாபம் உண்டு. குடும்பங்கள் வெளியேறிய பிறகு சில்லா பகுதியில் புலிகள் பெருகியதை இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2015-இல் ராஜாஜி புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று.

ஆனால் காடு ஊரைவிட்டு வெகுதூரத்தில் இல்லை. விளைந்த கரும்பையும் கோதுமையையும் தேடி இரவில் யானைகள் வயலுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் யானையோடு ஒரே காட்டில் இருந்தவர்கள் இப்போது தகர டப்பாவைத் தட்டி அதை விரட்டுகிறார்கள்.

பெரிய கவலை காகிதத்தில் இருக்கிறது. கொடுத்த நிலத்துக்கு முழு உரிமை வேண்டும் என்பது இரண்டு குடியிருப்புகளிலும் ஆண்டுக்கணக்காக ஒலிக்கும் கோரிக்கை. பட்டா இல்லாத நிலத்தைக் காட்டி வங்கியில் கடன் கேட்க முடியாது. கடன் இல்லாமல் நல்ல கொட்டகை, ஆழ்துளைக் கிணறு, புதிய கறவை எருமை எதுவும் எளிதில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்தபோது நம்பிக்கை பிறந்தது. ஆனால் உத்தராகண்டில் வன குஜ்ஜர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. மற்ற வனவாசிகள் என்ற பிரிவில் 75 ஆண்டு வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை இடம் மாறியவர்களுக்கு அது லேசான காரியமல்ல. இதற்கிடையே 1998-இல் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று குடும்பஸ்தர்கள். அப்பாவின் 2 ஏக்கர் பிள்ளைகளுக்குள் பிரிகிறது. மனிதருக்குப் பங்கு குறையக் குறைய, தொட்டிக்கு முன்னால் நிற்கும் எருமைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. மந்தை இருந்த வீட்டில் மூன்று நான்கு. மீதியை விற்றுத்தான் மீதியைக் காப்பாற்ற முடிகிறது.

ஏப்ரலில் வெயில் உறைக்க ஆரம்பித்ததும் எருமைகளே மலைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிடும், மனிதர் பின்னால் போனால் போதும் என்று வன குஜ்ஜர்கள் சொல்வதுண்டு. கைண்டிகாதாவிலும் பத்தரியிலும் ஏப்ரல் என்றால் இப்போது கோதுமைத் தாள் வாங்கிப் போர் போடும் மாதம். எருமைகள் முளைக்குச்சியில் கட்டப்பட்டிருக்கின்றன. பூசா ஏற்றிய டிராக்டர் வந்து நிற்கும்போது, விலை பேசுவதற்கு முன் வீட்டுக்காரர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்க்கிறார். புழுங்கல் நாற்றம் இருந்தால் எருமை தின்னாது.