பத்தாவது கையெழுத்து

சங்கரன்கோவில், 2012 பிப்ரவரிக் கடைசி. இடைத்தேர்தல். தேர்தல் அலுவலகத்துக்கு நூறு மீட்டர் தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்ச். பெஞ்சில் வேட்பாளர்.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் கட்சித் தலைவர் படம் பளபளக்கிறது. படத்தில் இருப்பவரும் அவரே.

மடியில் மஞ்சப்பை. உள்ளே வேட்புமனு, பிரமாணப் பத்திரம், ரப்பர் பேண்ட் போட்ட ஐயாயிரம். தனித்தொகுதி. டெபாசிட் பாதிதான்.

அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு முன்மொழிய ஒருவர் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். மனுவில் ஒன்பது கையெழுத்து இருக்கிறது.

புளியங்குடி மச்சினன் பேனாவைத் திறக்கிறார்.

"நீங்க வாசுதேவநல்லூர் தொகுதில்லா," என்கிறார் கட்சிச் செயலாளர்.

பேனா மூடப்படுகிறது.

மணி ஒன்றே முக்கால். பத்தாவது ஆள் தறியில் நிற்கிறார். போனில் தறிச் சத்தத்துக்கு மேல் அவர் குரல். "கரண்டு போனதும் வந்துருதேன் அண்ணாச்சி."

நேரங்காலமில்லாமல் போகிற கரண்ட் இன்று போகவில்லை. டீக்கடை விசிறி சுற்றுகிறது. வேட்பாளர் அண்ணாந்து அதையே பார்க்கிறார்.

வெள்ளைக் கார்கள் வரிசையாகப் போகின்றன. அவர் எழுந்து கும்பிடுகிறார். கண்ணாடிகள் ஏற்றியிருக்கின்றன. உட்கார்ந்து மறுபடி விசிறியைப் பார்க்கிறார். இரண்டாவது டீ வருகிறது. கணக்கு செயலாளர் பெயரில்.

இரண்டு இருபது. விசிறி தளர்கிறது. தெருவில் தறிச் சத்தம் சட்டென்று நிற்கிறது. கடைக்காரர் மின்வாரியத்தைத் திட்டுகிறார். வேட்பாளர் சிரிக்கிறார்.

சைக்கிளில் வருகிறார் பத்தாவது ஆள். பனியன், தலையெல்லாம் பஞ்சு. கையெழுத்துப் போடுகிறார். பாகம் எண் தெரியவில்லை. செயலாளரின் விரல் வாக்காளர் பட்டியலில் ஓடுகிறது.

"சின்னம் என்ன அண்ணாச்சி?"

"இனிமேத்தான் குடுப்பாக."

மூன்று மணிக்கு மேல் மனு வாங்க மாட்டார்கள். வேட்பாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறார்.

மார்ச் 21. அதிமுகவின் முத்துச்செல்விக்கு 94,977 ஓட்டு. திமுகவுக்கு 26,220. மதிமுகவுக்கு 20,678, வைகோவின் கலிங்கப்பட்டி இந்தத் தொகுதிதான். தேமுதிகவுக்கு 12,144. டெபாசிட் திரும்பக் கிடைக்க, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். ஜெயித்தவர் தவிர யாருக்கும் தேறவில்லை.

அச்சகத்தில் நன்றிப் போஸ்டருக்குச் சொல்கிறார் செயலாளர். ஐம்பதா, நூறா என்று கேட்கிறார்கள்.

வேட்பாளர் குறுக்கே வருகிறார். "திமுகவுக்கே போயிருக்கு. நூறு போடும்வே."