அடகுக் கடைக்குப் போன வளையல்கள்

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954ல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிறகுதான் ராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாமுக்கு உறைத்தது: தனக்கானது எஞ்சினியரிங்.

தாமதம்தான். ஆனால் ஒரு கதவு திறந்திருந்தது. குரோம்பேட்டையில் 1949ல் தொடங்கிய எம்.ஐ.டி., அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டது. இடம் கிடைத்தது; கட்ட வேண்டிய சுமார் 1,000 ரூபாய் அப்பாவிடம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பது என்று தம்பி உறுதி எடுத்தார். அதற்கு அப்போதிருந்த ஒரே வழி, நன்றாகப் படித்து உதவித்தொகை வாங்குவது.

அதற்கும் ஆபத்து வந்தது. விமான வடிவமைப்பு வேலை மந்தமாக நடப்பதைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு விதித்தார். தவறினால் உதவித்தொகை ரத்து. அன்றிரவு கலாம் சாப்பிடவில்லை. வரைபலகையை விட்டு நகரவில்லை. கெடுவுக்குள் முடித்தார்.

1980ல் ரோகிணியைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி.-3ன் திட்ட இயக்குநர் அவர்தான்.

படிப்பை மாற்றுகிறவர்கள் வீணான வருடங்களைக் கணக்கிடுவது வழக்கம். அந்தக் கணக்கில், வீட்டில் யாருடைய கை வெறுமையானது என்பதையும் எழுதிக்கொள்வது நல்லது.